படம் வரைந்து பாகங்களைக் குறி

கரண்ட் இல்லை. நேற்றுப் பேப்பரில் போட்டிருந்தார்கள், மாதாந்திரப் பராமரிப்புப் பணி, இன்னின்ன தெருக்களில் மின்சாரம் இருக்காது என்று. நானும் வாசித்தேன். வாசித்துவிட்டுக் காலையிலேயே தேங்காயை அரைத்து வைத்தேன், மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினேன், அவருடைய சட்டையைத் தேய்த்தேன், இவ்வளவும் செய்தவளுக்கு இந்தக் கிளினிக்கும் அதே தெருவில்தான் இருக்கிறது என்பது மட்டும் தோன்றவில்லை. மருந்துக்கடைக்கு மேலே மாடி, கைப்பிடி ஆடுகிற படிக்கட்டு, ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்த பிறகு மெர்லின் கையைப் பிசைகிறாள். "டீச்சர், மிஷின் ஓடாதே. இன்வெர்ட்டர்ல இந்த ஃபேன் மட்டுந்தான் சுத்தும். போன் பண்ணிச் சொல்லலாம்னா அதுலயும் சார்ஜ் இல்ல." பிசியோதெரபி படித்து முடித்த வேகம் இன்னும் குறையாத பெண், மின்வாரியத்துக்கும் தானே பொறுப்பு என்பது போல நிற்கிறாள். "அதுக்கு நீ என்னம்மா செய்வே," என்கிறேன். ஆனால் மிஷின் ஓடாவிட்டால் அவர் அசையாமல் உட்கார மாட்டார், அவர் அசையாமல் உட்காராவிட்டால் என்னால் வரைய முடியாது, இன்று வரைந்து முடிக்காவிட்டால் நாளை என்பது கிடையாது, நேற்றே சொல்லிவிட்டார்.

ஜெயசிங் எதிரே உட்கார்ந்து இடது கண் இமையை விரலால் இழுத்து மூடித் திறக்கிறார். அது தானாக மூடி மாதக்கணக்காகிறது. கல்யாணமான நாளிலிருந்து அசையாத ஜெயசிங்கை நான் பார்த்தது இந்தக் கிளினிக்கில்தான், கன்னத்தில் பட்டையை ஒட்டி மெல்லிய கரண்ட்டை விட்டால் வேறு வழியில்லாமல் சிலை மாதிரி இருப்பார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர், எந்த வண்டி எங்கே நிற்கிறது எப்போது புறப்படும் என்று மைக்கில் சொல்லிச் சொல்லியே ஓய்வுபெற்றவர், வீட்டில் குளிக்கப் போவதைக்கூட அறிவித்துவிட்டுத்தான் போவார். ஒரு நாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது ஓரத்தில் தானாக வழிந்தது. விளையாடுகிறார் என்று நினைத்து, "சின்னப் பிள்ளையா நீங்க," என்று துண்டை அவர் மேல் வீசினேன். திரும்பினார். பாதி முகம்தான் என்னைப் பார்த்துத் திகைத்தது, மறுபாதி ஒன்றும் நடக்காதது போல இருந்தது. அப்புறம் ஆட்டோ, ஸ்கேன், கையைத் தூக்கச் சொன்னார்கள், காலைத் தூக்கச் சொன்னார்கள், அந்த வராந்தாவில் என்னால் ஒரு ஜெபத்தையும் முழுசாகச் சொல்ல முடியவில்லை, பாதியில் வார்த்தை மாறிவிடும், மாறினால் செல்லாது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன், மறுபடி மாறிவிடும். பக்கவாதம் இல்லையம்மா, முகவாதம், முகத்துக்குப் போகிற நரம்பில் வீக்கம், உயிருக்கு ஒன்றுமில்லை, பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும் என்றார் டாக்டர். உயிருக்கு ஒன்றுமில்லை என்றதும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காபி வாங்கிக் குடித்தேன், சர்க்கரை அள்ளிப் போட்டிருந்தான், அந்தத் தித்திப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. மிச்சம் நிற்கும் என்று சொன்னது அன்றைக்குக் காதில் விழவில்லை. அது பின்னால் மெதுவாக வந்து வீட்டில் குடியேறியது. அவர் ஞாயிறு ஆராதனையில் கோயிலின் கடைசிப் பெஞ்சுக்குப் போனார். காபியைப் பிறர் முன்னால் குடிப்பதில்லை. சலூனில் கண்ணாடிக்கு எதிரே கண்ணை மூடிக்கொள்கிறாராம், மூடுவது ஒரு கண்தான், மற்றது பார்த்துக்கொண்டேதான் இருக்கும், அதற்குக் கடைக்காரர் ஒரு துண்டைப் போட்டுவிடுகிறார் என்று அவரே ஒரு நாள் சொன்னார். அறிவிப்புகள் நின்றுபோயின. இப்போது சொல்லாமல்தான் குளிக்கப் போகிறார்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில், கிளினிக்கில் வரைந்த தாளிலிருந்து உதிர்ந்த ரப்பர் துகள் கிடந்தது. துடைக்க மறந்திருந்தேன். அதை அவர் ஒரு விரலால் கூட்டிக் குவித்தார். "இன்னைக்கும் என்னய அழிச்சாச்சா?" சிரித்துக்கொண்டு கேட்கிறார் என்று நினைத்தேன், இப்போதெல்லாம் அது முகத்தைப் பார்த்து உடனே தெரிவதில்லை. "சரியா வரலங்க, அதான்," என்றேன். "நீ கத்தரிக்கா வரையுதே. காக்கா வரையுதே. கேஸ் சிலிண்டரக் கூட வரைஞ்சு முடிச்சே. என் மூஞ்சி மட்டும் என்னத்துக்கு முடிய மாட்டேங்கு?" "முடிச்சிருவேன்." "பாக்கச் சகிக்கலன்னா சகிக்கலன்னு சொல்லிரு சுகிர்தா. நாளைக்கு ஒரு நாள் வா. அதையும் அழிச்சியோ, மறுநாள்ல இருந்து நான் தனியாப் போய்க்கிடுதேன். எனக்கு எதுக்க உக்காந்து தினமும் நீ என்னய அழிக்க வேண்டாம்." சோற்றை வலது பக்கம் ஒதுக்கி மென்றுகொண்டே சொன்னார், சொல்லும்போது இடது ஓரத்தில் ஒரு பருக்கை நின்றது, அதைத் துடைக்கக் கையை நீட்டினேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகம் இல்லை, என் கை என்று. சொல்லவில்லை. கை என்றால் என்ன கை என்று கேட்பார், கேட்டால் அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கை பள்ளிக்கூடத்தில் வளர்ந்த கை. தாவரவியல் ரெக்கார்டு நோட்டு. ஒற்றைக் கோடு, பென்சில் முனை ஊசியாக இருக்க வேண்டும், கோட்டின் மேல் கோடு போட்டு முடி முளைத்த மாதிரி வரையக் கூடாது, நிழல் தீட்டக் கூடாது, வேண்டுமானால் புள்ளி வைக்கலாம், பாகங்களின் பெயர் வலது பக்கம், பெயர்க்கோட்டை ஸ்கேல் வைத்துப் போட வேண்டும், ஒன்றை ஒன்று வெட்டக் கூடாது. வெட்டினால் சிவப்பு மையில் 'மறுபடி வரைக'. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல், கரும்பலகைக்காக இல்லாமல் நமக்காக வரைந்து பார்ப்போமே என்று உட்கார்ந்தேன், முதல் நாள் ஒரு வெண்டைக்காய். வரைந்து முடித்துப் பார்த்தால் அதைக் குறுக்காக வெட்டி, ஐந்து அறையும் விதையும் காட்டி, வலது பக்கம் கோடும் இழுத்திருந்தேன். ஜெயசிங் அதைப் பார்த்துவிட்டு, "கொழம்பு எப்ப?" என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு தாள். கத்தரிக்காய், செருப்பு, நனைந்த குடை, தண்ணீர்க் குடம். குடத்தின் வாய் நீள்வட்டம் என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்கே சொல்லியிருக்கிறேன், ஆனாலும் அது நீள்வட்டமாக விழ மழைக்காலம் முழுக்க ஆனது. கை மெல்ல மெல்லக் கண் சொன்னதைக் கேட்கத் தொடங்கியது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அசையாத பொருளாக இருந்தால் அழிப்பேன். கத்தரிக்காய் எங்கே போகப்போகிறது, காம்பை அழி, மறுபடி போடு, பளபளப்பை அழி, தாள் பஞ்சு பஞ்சாக எழும்பும் வரைக்கும். காக்கைகள் அப்படி இல்லை. சுற்றுச்சுவரில் வந்து உட்காரும், தலையைச் சாய்க்கும், நான் அலகைப் போட்டு முடிப்பதற்குள் வாலைத் திருப்பிக்கொள்ளும், விழுந்த கோடு விழுந்ததுதான், அழிக்க நேரமேது. ஒரு தாள் நிறையக் காக்கைகள், சிலதுக்குக் கால் இல்லை, ஒன்றுக்குத் தலையே இல்லை, ஆனால் எல்லாம் கத்துகிற காக்கைகள். அந்தத் தாளைப் பார்த்து ஜெயசிங், "இத ஒட்டி வச்சா வடாம் காயப்போட முடியாது, கொத்திரும்," என்றார். கத்தரிக்காயைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியத்தான் செய்தது, ஆனால் காக்கை விஷயத்தில் புரிந்தது கணவன் விஷயத்தில் புரியவில்லை.

அவர் முகத்துக்கு நான் மையக்கோடு போட்டேன். அதுதான் செய்த தப்பு. நெற்றி நடுவிலிருந்து மூக்கு வழியாகத் தாடை வரைக்கும் மெல்லிசாக ஒரு நேர்கோடு, இரண்டு பக்கமும் சமம், ஒரு பாதியைச் சரியாக வரைந்துவிட்டால் மறுபாதி அதைப் பார்த்து எழுதுவது, தண்டின் குறுக்குவெட்டுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுப்போம். வலது பாதி நல்ல பாதி, அதை வரைந்தேன், நெற்றியில் மூன்று சுருக்கம், கன்னத்தில் ஆழமாக ஒரு மடிப்பு, அதையே இடது பக்கமும் போட்டேன், வந்தது யாரோ ஒரு அதிகாரி, மனுவை வாசிக்காமலே திருப்பிக் கொடுக்கிற முகம். அழித்தேன். மறுநாள் இடது பாதியைப் பார்த்துத் தொடங்கினேன், அங்கே சுருக்கமே இல்லை, நரம்பு இழுக்காததால் தோல் வழவழவென்று கிடந்தது, அதை இரண்டு பக்கமும் போட்டால் எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்தான். அழித்தேன். பின்பு இரண்டு பாதியையும் இருக்கிறபடியே வரையலாம் என்று துணிந்து, நெற்றி, கண், மூக்கு எல்லாம் தாண்டி வாய்க்கு வந்து, இடது ஓரத்தில் கோடு கீழே இறங்க வேண்டிய இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. தினமும் அந்த இடம்தான். அங்கே இறக்கிவிட்டால் அது நின்றுவிடும் என்று பயம். தாளில் போட்டதை நானே ஒத்துக்கொண்ட மாதிரி, மிச்சம் நிற்கும் என்று டாக்டர் சொன்னதற்கு நான் கையெழுத்துப் போட்ட மாதிரி. சரியாக வரவில்லை என்று இத்தனை நாளும் அவரிடம் சொன்னேனே, எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், சரியாக வந்துவிடுமோ என்றுதான் அழித்திருக்கிறேன்.

"அங்கிள், மிஷின் இல்லாட்டி என்ன, இன்னைக்கு முழுக்க எக்ஸர்சைஸ்," என்கிறாள் மெர்லின், ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து இடது கன்னத்தில் இரண்டு விரலை வைக்கிறாள். நான் பரீட்சை அட்டையில் தாளைச் செருகுகிறேன், மேலே கிளிப் பிடித்துக்கொள்கிறது, கீழே ஃபேன் காற்றில் தாள் படபடவென்று அடிக்கிறது. கைக்கு வேறு எதுவும் அகப்படவில்லை, ரப்பரை எடுத்துக் கீழ் மூலையில் பாரமாக வைக்கிறேன். "கன்னத்த உப்புங்க." உப்புகிறார், வலது கன்னம் பந்து மாதிரி எழுகிறது, இடது ஓரத்தில் காற்று ஃபுஸ் என்று போகிறது. "பஞ்சர்," என்கிறார். "பேசாதீங்க அங்கிள், விரல வச்சு அடைச்சுக்கிட்டு உப்புங்க." நான் வலது கன்னத்தைப் போடுகிறேன், போட்டு முடிப்பதற்குள் அது வற்றிவிடுகிறது. மையக்கோடு போடவில்லை, போட நேரமில்லை, போட்டால் எதற்கு நடுவில் போடுவது, முகம் ஓரிடத்தில் நின்றால்தானே. "பல்லக் காட்டுங்க. ஈ." வாய் முழுக்க வலது பக்கம் ஓடுகிறது, அந்தக் கோடு. "ஊ." குவிகிறது, குவிந்தது நடுவில் இல்லை, அந்தக் கோடும் இருக்கட்டும், முதல் கோட்டின் மேலேயே விழுகிறது, முடி முளைத்த கோடு. கை ரப்பருக்குப் போகிறது, எடுத்ததும் தாள் எழும்பி முகத்தில் அடிக்கிறது, திரும்ப வைத்துவிடுகிறேன். நெற்றி. "புருவத்தத் தூக்குங்க, ஆச்சரியப்படுற மாதிரி." வலது புருவம் மட்டும் ஆச்சரியப்படுகிறது. மூக்கு பெரிதாகப் போய்விட்டது, கவனித்தேன், போகட்டும், காக்கை வாலைத் திருப்புகிறது, காதைப் போடு. கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்கிறார்கள், குழந்தைக்கா பெரியவங்களுக்கா என்கிறார்கள், காதுமடல், கழுத்தில் தளர்ந்த தோல், காலர்.

"இப்ப ப, ம வர்ற மாதிரி ஏதாவது சொல்லிக்கிட்டே இருங்க அங்கிள், ஒதட்ட நல்லா ஒட்டிப் பிரிக்கணும்." அவர் யோசிக்கிறார். பயமாக இருக்கிறது எனக்கு, அந்தச் சொற்கள்தான் அவருக்குக் காற்றோடு போகிறவை, வெளியாட்கள் முன்னால் அவற்றை முடிந்தவரை தவிர்த்தே மாதக்கணக்காகப் பேசுகிறார், கடையில் பால் வேண்டும் என்பதற்குப் பாக்கெட்டைக் காட்டுவார். "பாபநாசம்," என்கிறார் மெதுவாக. ஃபாபநாசம் என்று வருகிறது. "நல்லாருக்கு, இன்னும்." "பத்தமடை. பாவூர்சத்திரம். புளியங்குடி." "சத்தமா." அவர் நிமிர்ந்து உட்கார்கிறார். என்ன நினைத்தாரோ, வலது கை தானாக எழுந்து இல்லாத மைக்கைப் பிடிக்கிறது. "பயணிகளின் அன்பான கவனத்திற்கு! பாபநாசம் செல்லும் பேருந்து, பத்தமடை வழியாக, மூன்றாவது நடைமேடையில்..." காற்றுப் போகிறது, எச்சில் தெறிக்கிறது, குரல் மட்டும் பழைய குரல், மாடி முழுக்க மோதி ஜன்னல் வழியாகத் தெருவில் இறங்குகிறது. கீழேயிருந்து யாரோ, "அண்ணாச்சி, சீட் இருக்கா?" என்று கத்துகிறார். "நிக்கதுக்கு இடம் இருக்கு!" என்று இவர் திரும்பக் கத்துகிறார். மெர்லின் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "பணகுடி பணகுடி பணகுடி, ஏறுறவங்க ஏறிக்கிடுங்க, பெட்டிய மேல போடாதீங்க," அவர் விடவில்லை, அவருக்கு முகம் மறந்துவிட்டது, எனக்கும் மறந்துவிட்டது, பென்சில் ஓடிக்கொண்டிருக்கிறது, வலது பக்கம் சிரிப்பில் மேலே ஏறுகிறது, இடது பக்கம், ஆமாம், இறங்குகிறது, இறக்கிவிட்டேன். எப்போது இறக்கினேன் என்று தெரியவில்லை. பார்க்கும்போது இறங்கியிருக்கிறது. தாளில் அந்தக் கோடு இருக்கிறது, எதிரே அந்த வாயும் இருக்கிறது, வாய் அது பாட்டுக்குப் பணகுடிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்றும் நடந்துவிடவில்லை. வராந்தா பெஞ்சில் குடித்த காபி மாதிரி ஏதோ தொண்டையில் தித்திப்பாக இறங்குகிறது.

"போதும் அங்கிள், நரம்புக்கு ரெஸ்ட் குடுங்க." அவர் துண்டால் வாயைத் துடைக்கிறார். துடைத்துவிட்டுக் கையை நீட்டுகிறார். "கொண்டா." நான் தாளைப் பார்க்கிறேன். மூக்கு யாருடையதோ. வாய்க்கு மேல் வாயாக மூன்று கோடு. நெற்றியில் பாதி கிழவர், பாதி அந்த ஆல்பத்துப் பையன், இருவரும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு எதையோ கத்துகிறார்கள். மூக்கை மட்டும் சரிசெய்து கொடுத்தால் என்ன, ஒரு நிமிடம் ஆகுமா, ஆனால் ரப்பரை இப்போது எடுத்தேன் என்றால் அவர் எழுந்து படியிறங்கிவிடுவார், நாளை தனியாக வருவார், துண்டைப் போட்டு மூடிக்கொள்ளச் சலூன் போதாதென்று வீடும் அப்படியாகிவிடும். அட்டையோடு கொடுக்கிறேன். வாங்குகிறார். பார்க்கிறார். நல்ல கண் தாளில் மேலும் கீழும் போகிறது, மற்ற கண்ணில் நீர் நிறைந்து வழிகிறது, அது எப்போதும் வழிவதுதான், அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. மெர்லின் எட்டிப் பார்க்க வந்து, ஏதோ புரிந்து, பஞ்சை எடுத்து வைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ஃபேன் சுற்றுகிறது. வாயைப் பார்க்கிறார். வாயையே பார்க்கிறார். இன்னுமா.

"ஏட்டி," என்கிறார். "இது என்ன மூக்கு? எங்க சித்தப்பா மூக்கா?"

"அது... பெருசாப் போச்சு."

"பெருசாவா? இதுல ரெண்டு பேர் கொடை விரிச்சு நிக்கலாம். காது பரவால்ல. வாய்..." நிறுத்துகிறார். "வாய் கெடக்கு, அது இப்படித்தான் இருக்கு. மூக்குதான் மோசம்."

"குடுங்க, மூக்க மட்டும் சரி பண்ணிருதேன்." கை நீண்டுவிட்டது, பழக்கம்.

அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்கிறார். "தொட்டே, பாத்துக்கோ. மூக்கு கெடக்கட்டும், போனது போனதுதான்." பிறகு தாளை மறுபடி மடியில் வைத்து, என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்குகிறார். "டீச்சர் படம் வரைஞ்சாச்சு. பாகங்களக் குறிக்கலையே. எப்படி மார்க் போடுவாங்க?" வாயின் இடது ஓரத்திலிருந்து ஒரு கோடு இழுக்கிறார், கோணல் கோடு, முனையில் பஸ் ஸ்டாண்ட் போர்டில் எழுதுகிற எழுத்தில் எழுதுகிறார்: பணிமனைக்குச் சென்றுள்ளது. வலது ஓரத்திலிருந்து இன்னொரு கோடு, அது முதல் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது: இடைநில்லாப் பேருந்து. மூக்கிலிருந்து ஒன்று, அது இரண்டையும் வெட்டுகிறது: தனியார் வண்டி, நிர்வாகம் பொறுப்பல்ல.

"பெயர்க்கோடு ஒண்ண ஒண்ணு வெட்டக் கூடாது," என்கிறேன்.

"வெட்டட்டும். எல்லா வண்டியும் ஒரே பாலத்து மேலதான போவுது."

ட்யூப்லைட் இரண்டு முறை சிமிட்டி எரிகிறது, மூலையில் மிஷின் கீச்சென்று ஒரு சத்தம் போடுகிறது. "கரண்ட் வந்துட்டு அங்கிள், மிஷின் வைக்கட்டுமா?" என்கிறாள் மெர்லின். ஜெயசிங் அட்டையிலிருந்து தாளை உருவி, மடிக்காமல், சுருட்டாமல், யாருக்கும் தெரிகிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். "வேண்டாம் பிள்ள. இன்னைக்கு ஓடுன ஓட்டம் போதும். நாளைக்கு வாரோம்." வாரோம் என்றார். நான் அதைக் கேட்டும் கேட்காதவள் மாதிரி குனிந்து பையை எடுக்கிறேன், ரப்பரையும் எடுத்துப் பையில் போடுகிறேன், வீட்டில் பாதியில் நிற்கிற கத்தரிக்காய்க்கு வேண்டியிருக்கும். அவர் படிக்கட்டுக்குப் போய்விட்டார். ஆடுகிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மருந்துக்கடையில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி அறிவிக்கிறார், ஃபடிக்கட்டு வழியாக இறங்கிக்கொண்டிருக்கிறோம், வழி விடவும்.